தலைக்குத் தண்ணீர்

காப்புக் கட்டிவிட்டால் காட்டுவிடுதியில் எதையும் வறுக்கக் கூடாது. கடுகு தாளிக்கக் கூடாது, அப்பளம் பொரிக்கக் கூடாது, கருவாட்டுச் சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட வேண்டும். முத்துமாரிக்கு வறுக்கிற புகை ஆகாது. மற்ற ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன வந்தது, திருவிழா முடிகிற வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டுப் போவார்கள். எங்கள் ஊருக்கு வறுப்பதுதான் பிழைப்பே. தஞ்சாவூர் போகிற ரோட்டில் ஆதனக்கோட்டையில் பஸ் நின்றால், ஜன்னலுக்கு ஜன்னல் முந்திரிப்பருப்புப் பொட்டலத்தை நீட்டுகிறார்களே, அதில் பாதி எங்கள் ஊர்ச் சட்டியில் தீப்பிடித்து வெளியே வந்த சரக்கு. கொட்டை விழுகிற பருவத்தில்தான் திருவிழாவும் வந்து தொலைக்கும். அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு கொல்லை அடுப்பு சாம்பலோடு ஆறிக் கிடக்கும்.

சாதாரண நாளில் வறுக்கிற வேலையை விடிகாலையில் முடித்துவிடுவார்கள். கிழக்கு வெளுக்குமுன் அடுப்பு மூட்டினால், வெயில் முதுகைத் தொடுவதற்குள் கடைசி ஈடு இறங்கியிருக்க வேண்டும். அப்புறம் நாள் பூராவும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கொட்டையை உடைக்கலாம், ஊர்க் கதை பேசலாம். உச்சி வெயிலில் முந்திரி வறுக்கிற பைத்தியக்காரி எங்கள் ஊரில் இருந்ததில்லை.

அமராவதியும் பைத்தியக்காரி இல்லை. ஊரில் அவள் கைக்கு நிகரான கை கிடையாது. கொட்டையைச் சட்டியில் கொட்டினால் அதன் தோலிலிருந்து எண்ணெய் கக்கி, குப்பென்று தீப்பிடித்து ஆளுயரத்துக்கு எரியும். எந்த நொடியில் சட்டியைக் கவிழ்த்து மணலைப் போட்டு அணைக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முந்தினால் தோல் உடையாது, பிந்தினால் பருப்பு கரி. அவள் கவிழ்த்த சட்டியில் கருகல் பார்க்க முடியாது என்று தஞ்சாவூர் யாவாரிகள் வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சுதான் வினையாகப் போயிற்று.

சேரன் என்று ஒரு யாவாரி, கல்யாண வீடுகளுக்குப் பருப்புப் பிடித்துக் கொடுக்கிறவர். காப்புக் கட்டின மறுநாள் போன் பண்ணிவிட்டார். கல்யாணத்துக்கு அவசரமாகச் சரக்கு வேண்டும், இந்த முறை இல்லையென்றால் வேறு ஊரில் வாங்கிக்கொள்கிறேன், அப்புறம் என்னை எதிர்பார்க்காதே என்று அமராவதியின் புருஷன் நாகராசுவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். நாகராசு நல்ல மனுஷன்தான். யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன், அது ஒன்றுதான் அவனிடம் கோளாறு. சரிங்க சரிங்க என்று போனை வைத்துவிட்டு வந்து பெண்டாட்டி முன்னால் தலையைச் சொறிந்தான்.

"மெயின் ரோட்டுல நம்ம தகரக் கொட்டாய் சும்மாத்தானே கெடக்கு. அங்கிட்டு வச்சு வறுத்தா என்ன? அது நம்ம ஊரு எல்லையில்ல. பஞ்சாயத்துப்படி அடுத்த ஊரு."

"ஆத்தாளுக்குப் பஞ்சாயத்து எல்லை தெரியுமாக்கும்?" என்றாள் அமராவதி.

"பொகை தெரியாமப் பாத்துக்கிட்டாப் போச்சு."

"எப்புடிப் பாத்துக்குவீங்க? விடியக்காலம் கரகம் சுத்துது, ஊரே முழிச்சுக் கெடக்கு. பொழுது எறங்குனாத் திரும்பக் கரகம். ஒங்க அக்காளுக்கு மூக்கு எம்புட்டுத் தூரம் போகும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப உச்சியில வறு. அந்நேரத்துக்கு எவன் வெளிய வாரான்? நாயிகூட வராது."

"நான் மட்டும் போகணும்."

"அட, ஒன்னைய நாயின்னு சொல்லலத்தா."

"சொன்னாத்தான் என்ன, வறுக்கத்தானே போறேன்," என்று சிரித்தாள். அவளுக்கும் வாடிக்கை கைவிட்டுப் போய்விடுமே என்ற பயம் இருந்தது. மகள் கலைமதி புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள். வேறு என்ன வருமானம் இருக்கிறது அந்த வீட்டுக்கு?

இந்த வருஷத்து வெயில் மனுஷர் தாங்குகிற வெயில் இல்லை. டி.வி.க்காரன் தினமும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஊருக்கு ஊர் டிகிரி சொல்லிவிட்டு, மதிய வேளையில் பொதுமக்கள் வெளியே வர வேண்டாம் என்று முடிப்பான். வராவிட்டால் சோற்றுக்கு என்ன வழி என்று அவனுக்கும் தெரியாது. கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு சாக்கடை ஓரத்தில் படுத்துக் கிடந்தன. குழாயைத் திறந்தால் முதலில் வருகிற தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுச் செவந்தியின் பிள்ளைக்கு அம்மை போட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது.

அந்த வெயிலில்தான் அமராவதி கொட்டாய்க்குப் போனாள். புருஷனின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்வாள். தலையிலும் முகத்திலும் துண்டு. முந்திரி எண்ணெய் தெறித்தால் தோல் வெந்துவிடும், அதனால் சட்டையைக் கழற்ற வழியில்லை. மேலே தகரம், முன்னால் தீ, பக்கத்தில் தார் ரோடு. கூரைத் தகரம் சூட்டில் படபடவென்று சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். நாகராசு மூட்டையைப் பிரித்துக் கொட்டுவான், ஆறினதை அள்ளி ஓரமாகக் குவிப்பான், உடைத்த பருப்பை வண்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவான். சட்டிப் பக்கம் அவனை அவள் விடமாட்டாள்.

லீவில் வீட்டிலிருந்த கலைமதி தூக்குவாளியில் கஞ்சியும் பச்சை வெங்காயமும் கொண்டுபோவாள். முதல் நாளே சண்டை வந்தது.

"காலையில குடுத்த தண்ணி பாட்டுல் அப்புடியே இருக்கு. ஒரு மொடக்குக் கூடவா குடிக்கல?"

"குடிச்சா ஒதுங்கணும்டி. எங்கிட்டு ஒதுங்குறது? தைலங்காட்டைத்தான் ஒட்ட வெட்டிப்புட்டானே. ரோட்டுல போற லாரிக்காரனெல்லாம் வேடிக்கை பாக்கவா?"

"அதுக்காகத் தண்ணி குடிக்காம இருப்பியா?"

"வீட்டுக்கு வந்து மொத்தமாக் குடிச்சுக்கிறேன் போ. இந்தா, முதுகச் சொறிஞ்சு விடு, முள்ளு முள்ளாக் குத்துது."

சட்டையைத் தூக்கிப் பார்த்தாள் கலைமதி. கழுத்து, முதுகு, அக்குள், மார்பு எங்கும் செக்கச் சிவந்த வேர்க்குரு. ஊசி குத்த இடமில்லாமல் பொரிந்திருந்தது. மறுநாள் அவள் ரோட்டோரக்காரனிடம் நுங்கு வாங்கி, அதன் நீரை முதுகு பூராவும் தடவிவிட்டாள். "ஸ்ஸ்ஸ்... சாமி, உசுரு வருதுடி," என்று கண்ணை மூடிக்கொண்டாள் அமராவதி. மீதி நுங்கை மகள் வாயிலேயே திணித்தாள். தலைவலி இருக்கிறது, சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது என்று அன்று சாயங்காலம் சொன்னாள். மிச்சம் கொஞ்சம் கொட்டைதான், நாளையோடு முடிந்துவிடும் என்றும் சொன்னாள்.

மறுநாள் உச்சி தாண்டிய நேரத்தில், பருப்பைப் போட்டுவிட்டு வந்த அப்பனும் கஞ்சி வாளியோடு மகளும் வண்டியில் கொட்டாய்க்குப் போனபோது, தூரத்திலேயே கரும்புகை தெரிந்தது. சட்டி அடுப்பிலேயே இருந்து கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அமராவதி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். துடுப்பு கையில்தான் இருந்தது. சட்டியைக் கவிழ்க்க வேண்டும் என்கிற நினைப்பு இல்லை.

"ஏ அமராவதி! என்னத்தா, சட்டி கருகுது!"

"பொகைய மறைங்க," என்றாள் அவள். "அண்ணி வாராக. பொகைய மறைங்க."

கலைமதி அம்மாவின் கையைப் பிடித்தாள். அடுப்பு மேல் வைத்த இரும்பு மாதிரி இருந்தது. ஆனால் கை காய்ந்து கிடந்தது. அத்தனை தீ முன்னால் உட்கார்ந்தவள் உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. இருவருமாகத் தூக்கி வண்டியில் நடுவில் உட்காரவைத்து, ஊர்க்கண் படாமல் கொல்லைத் தடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஊர்க்கண் படாவிட்டால் என்ன, மூக்காயி கண் படாமல் இருக்குமா? அடுத்த வீடு அவளுடையது. நாகராசுவின் கூடப்பிறந்த அக்கா, புருஷன் போனபிறகு அறுத்துக்கட்டாத, மறுதாலி ஏறாத கைம்பெண், தாய் செத்தபிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அமராவதிக்குப் பிரசவம் பார்த்தது முதல் கலைமதிக்குக் காது குத்தினது வரை அவள் இல்லாமல் அந்த வீட்டில் ஒன்றும் நடந்ததில்லை. வந்தவள் நெற்றியைத் தொட்டாள், சடக்கென்று கையை எடுத்தாள். சட்டைப் பித்தானைக் கழற்றிக் கழுத்தைப் பார்த்தாள். பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பிவிட்டாள்.

"டேய் நாகராசு, ஆத்தா எறங்கியிருக்காடா."

"அத்த, அது அம்மையில்ல. வேர்க்குரு," என்றாள் கலைமதி. "நான்தான் நேத்து நுங்குத் தண்ணி தடவிவிட்டேன். நேத்தே இருந்துச்சு."

"நுங்கு தடவினியா? எங்கிட்டு வச்சு? நேத்து நீங்க ரெண்டு பேரும் வீட்டுலயே இல்லையே."

கலைமதி அப்பாவைப் பார்த்தாள். நாகராசு தரையைப் பார்த்தான்.

"ரோட்டுக் கொட்டாயிலக்கா. ஒரு யாவாரி அவசரம்னாரு. வறுத்தோம்."

மூக்காயி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பயந்துபோனாள். பட்பட்டென்று தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"காப்புக் கட்டி வறுத்தீங்களாடா? எலே, ஊருல ஒருத்தி கடுகு போடல, நீங்க முந்திரி வறுத்தீங்களா? அதான்டா. அதான் ஆத்தா கோவிச்சுக்கிட்டு இவ மேல வந்து உக்காந்திருக்கா. ஏத்தா முத்துமாரி, தெரியாமச் செஞ்சுபுட்டாக, பொறுத்துக்க தாயி."

அதற்கப்புறம் காரியங்கள் மளமளவென்று நடந்தன. வாசலில் வேப்பிலை ஏறியது. கூடத்தில் வாழையிலை விரித்து, மேலே வேப்பிலை பரப்பி அமராவதியைப் படுக்கவைத்தார்கள். அம்மை கண்ட உடம்பில் காற்றுப் படக் கூடாது என்று ஜன்னல்களைச் சேலையால் மறைத்தாள் மூக்காயி. ஃபேனை நிறுத்தினாள். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு அது. வெளியே நிற்பதைவிட உள்ளே நிற்பது கஷ்டமாக இருந்தது. அமராவதி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். ஒரு சங்கு இளநீர் வாயில் விட்டதில் பாதி கடைவாயில் ஒழுகிவிட்டது.

கலைமதி கொல்லைக்குப் போய் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள்.

வண்டி வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது. இறங்கினவள் அன்புச்செல்வி என்று ஒரு பெண், ஆவூர்ப் பக்கம். அவளும் நம் பக்கத்துப் பிள்ளைதான், வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டாள். நாகராசு நிலைவாசலில் குறுக்கே நின்றான்.

"தெரியாம போன் பண்ணிருச்சும்மா பாப்பா. அம்மை போட்டிருக்கு. தூக்கக் கூடாது."

"நான் ஒன்னும் செய்ய மாட்டேண்ணே. கால மட்டும் தொட்டுப் பாத்துக்கிறேன்."

உள்ளே வந்தவள் புறங்கையால் அமராவதியின் பாதத்தைத் தொட்டாள். இமையை விலக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறிப்போயிற்று.

"எம்புட்டு நேரமா இப்புடி இருக்காங்க? வெயில்ல வேலை பாத்தாங்களா?"

"ஆமாக்கா, அடுப்புல," என்றாள் கலைமதி.

"அண்ணே, அம்மையோ வெயிலோ, அத டாக்டர் பாத்துச் சொல்லட்டும். ஒடம்பு கொதிக்குது, வேர்வை நின்னுபோச்சு. ஏத்துங்கண்ணே. ஏத்துறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்துங்க. தலையோட ஊத்துங்க, கொடம் கொடமா ஊத்துங்க."

கூடி நின்ற பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். அம்மை இறங்கின முதல் நாளே தலைக்குத் தண்ணீரா? அம்மை கண்டவருக்கு மூன்று தண்ணீர் உண்டு. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர், முத்து வாடின பிறகு, ஆத்தாளிடம் கேட்டுவிட்டு ஊற்ற வேண்டும். அதற்குமுன் ஒரு சொட்டு தலையில் பட்டால் முத்து உள்ளே இறங்கி ஈரலைத் தின்றுவிடும். எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

"இந்தா பொண்ணு," என்றாள் மூக்காயி, "நீ நல்லதுக்குத்தான் சொல்லுற, நான் இல்லைங்கல. ஆனா எனக்கு ஒரு பய இருந்தான். மூணு வயசு. இப்புடித்தான் அம்மை. எம் புருசன் யார் பேச்சும் கேக்காமத் தோள்ல போட்டுக்கிட்டு டவுனுக்கு ஓடினாரு. ஊசி போட்டாக. அதே தோள்ல பொணமாக் கொண்டாந்து போட்டாரு. நான் பாத்தவ. இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது."

அவள் பொய் சொல்லவில்லை. பிள்ளை ஊசியால் சாகவில்லை, வேறு ஏதோ ஒன்றால் செத்தது என்று அன்றைக்கும் அவளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை.

அன்புச்செல்வி நாகராசு பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணே. அவங்க ஒங்க வீட்டுக்காரங்க."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அந்த ஒரு நேரத்தில் அவன் ஏத்துங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சேரனுக்குச் சொன்ன சரியை இங்கே சொல்லியிருக்கலாம், பாவி. ஆனால் அவன் மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இது வெயில் என்றால், பெண்டாட்டியை உச்சியில் அடுப்பு முன்னால் உட்காரவைத்தவன் அவன். இது ஆத்தா என்றால், காலில் விழுந்து கேட்டால் கொடுத்துவிடுவாள்.

"தப்புப் பண்ணது நானு," என்றான் கையைக் கூப்பி. "ஆத்தா அவளப் புடிச்சிருக்கா. நான் ஈரத்துணியோட கோயில்ல விழுந்து கெடந்து கேக்குறேன். குடுத்துருவா. தூக்கிட்டுப் போனா இன்னும் கோவம் ஏறும். நீங்க போங்கம்மா."

"அப்பா!" என்று கத்தினாள் கலைமதி. "அம்மா செத்துரும்பா!"

"வாயக் கழுவுடி!" என்று தெரு முழுக்க அவள்மேல் பாய்ந்தது.

அன்புச்செல்வி இன்னும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள், கோபப்பட்டாள். வலுக்கட்டாயமாகத் தூக்கிப் போக அவளால் ஆகுமா? வாசலில் அத்தனை ஆண்கள் நிற்கிறார்கள். கடைசியில் கலைமதியின் கையைப் பிடித்து, "மனசு மாறுன அடுத்த நிமிசம் கூப்புடு. அதுவரைக்கும் எப்புடியாச்சும் தண்ணி ஊத்து," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். வண்டி திரும்பினபோது கிளம்பின புழுதி வெகுநேரம் அடங்கவில்லை.

கலைமதி ஒரு துண்டை நனைத்துக்கொண்டு வந்து அம்மாவின் காலில் சுற்றினாள். மூக்காயி அதை அவிழ்த்து எறிந்தாள். கலைமதி உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு குடம் நிறைய மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அத்த, ஒரு கொடம். ஒரே ஒரு கொடம் ஊத்துறேன். ஒங்க கால்ல விழுறேன் அத்த."

"கலை, சொன்னாக் கேளு. அவ ஒனக்கு மட்டும் ஆத்தா இல்ல, எனக்கும் அவ மகதான். நான் இவளக் கொல்லவா பாக்குறேன்?" மூக்காயி அழுதுகொண்டே குடத்தைப் பிடுங்கினாள். இடுப்பில் இருந்து அதை இறக்கவிடாமல் கலைமதி கட்டிப் பிடித்தாள். கிழவிக்கு எங்கிருந்துதான் அந்த வலு வந்ததோ, பறித்துக்கொண்டுபோய் வாசல் வேப்பிலைக்கு அடியில் சாய்த்துவிட்டாள். "ஆத்தா, நீ குளுந்துக்க தாயி. நீ குளுந்தா அவ குளுருவா." காய்ந்து வெடித்த வாசல் அந்தத் தண்ணீரைச் சொருக்கென்று இழுத்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் அமராவதி பேச ஆரம்பித்தாள். கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. "அடுப்ப அணைங்கடி," என்றாள். "எரியுது. அடுப்ப அணைங்க." குலவை போட்டார்கள் பெண்கள். ஆத்தாளே வாய் திறந்து கேட்கிறாள் என்று செவந்தி சூடம் கொளுத்தினாள். அந்த அடைத்த வீட்டுக்குள் சூடப்புகையும் சேர்ந்துகொண்டது.

"அடுப்ப அணைக்கச் சொல்லுறாடா, போடா," என்றாள் மூக்காயி. கோயிலில் விழுந்து கிடந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த நாகராசு ஈர வேட்டியோடு ரோட்டுக் கொட்டாய்க்கு ஓடினான். மிச்சமிருந்த தீயை மணல் போட்டு அணைத்தான். துடுப்பை ஒடித்தான். சட்டியைக் கல்லில் போட்டு நசுக்கினான். அடுப்புக் கல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீசினான். இனி வறுக்க மாட்டோம் தாயே, இனி வறுக்கவே மாட்டோம் என்று தனியாகக் கத்திக்கொண்டே செய்ததை, அந்த வெயிலில் ஆடு தேடிப் போன ராக்கன் பார்த்திருக்கிறான்.

அவன் திரும்பி வந்தபோது வீட்டுக்குள் குலவைச் சத்தம் இல்லை. அமராவதியின் கைகால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. கலைமதி அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை அவளை யாரும் தடுக்கவில்லை. மூக்காயி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

"அக்கா, வழிய விடு," என்றான் நாகராசு. பெண்டாட்டியை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டி வருமுன்பே தெருவில் ஓடினான். பாதி வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. அதே அன்புச்செல்விதான். அவள் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டாள். ஐஸ் பையை அக்குளில் வைத்தாள், உடம்பெல்லாம் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். அம்மையா என்று நாகராசு கேட்டான்.

"அம்மையா? யாருங்க சொன்னது? இது வெயில். உள்ளுக்குள்ள எல்லாம் வெந்துபோச்சு. விழுந்த ஒடனே ஒடம்பைக் குளுர வச்சிருக்கணும்," என்றார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இந்த வாரத்தில் இப்படி வேறு ஆட்களையும் அவர் பார்த்திருப்பார் போல. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அமராவதியின் மூச்சு நின்றுவிட்டது.

சாவுக்கும் காப்பு ஒரு தடைதான். காப்புக் கட்டின ஊருக்குள் பிணம் வரக் கூடாது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த உடம்பை ஊர் எல்லைக்கு வெளியே கம்மாய்க்கரையில் இறக்கச் சொன்னார்கள் பெரிய மனுஷர்கள். அங்கே ஒரு போர்செட் இருக்கிறது. பறை வேண்டாம், சத்தம் போட்டு அழ வேண்டாம், பொழுது உச்சிக்கு வருமுன் தூக்கிவிட வேண்டும் என்று பேச்சு. வெயிலை உத்தேசித்தும்தான் அவசரம். கீற்றுப் பந்தல்கூடப் போடவில்லை. கருவேல மரத்து நிழலில் ஒரு பெஞ்சைப் போட்டு அமராவதியைக் கிடத்தினார்கள்.

குளிப்பாட்ட வேண்டும். மோட்டாரைப் போட்டார்கள். குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுக் குபுகுபுவென்று கொட்ட ஆரம்பித்தது. வெள்ளை வெளேரென்று நல்ல குளிர்ந்த தண்ணீர். பெண்கள் குடங்களைப் பிடித்துப் பிடித்து வரிசையாக வைத்தார்கள். நாகராசு வரப்பில் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு நின்றதிலிருந்து அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை, இன்றுவரை அவன் பேச்சு அவ்வளவுதான். தஞ்சாவூரிலிருந்து சேரன் போன் பண்ணினபோது எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சும்மாவே இருந்தானாம்.

நாத்தனார்தான் முதலில் மஞ்சள் பூச வேண்டும் என்று மூக்காயியைக் கூட்டிவந்தார்கள். அவள் ஒரே நாளில் வற்றிப்போயிருந்தாள். சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். மூக்காயி மஞ்சளைக் குழைத்து நெற்றியில் பூசினாள், கன்னத்தில் பூசினாள், கழுத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. விரலால் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். வாழ்க்கையில் எத்தனையோ அம்மை பார்த்தவள். அம்மை என்றால் முத்து நீர் கோத்து நிற்கும், தடவினால் கைக்குத் தட்டும். இந்தத் தோலில் நேற்றுச் சிவந்திருந்த குரு வாடி, ஒன்றுமே இல்லாமல் வழவழவென்று கிடந்தது.

"முத்தே இல்லையேடி," என்றாள். "ஒரு முத்துக்கூட இல்லையே."

 மூக்காயி பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்து உட்கார்ந்தாள். பொழுது ஏறுகிறது, ஊத்துங்க, சீக்கிரம் ஊத்துங்க என்று கரையிலிருந்து ஆண்கள் சத்தம் போட்டார்கள். செவந்தி ஒரு குடத்தைத் தூக்கிக் கொடுத்தாள். மூக்காயியின் கைகள் குடத்தைப் பிடிக்கவில்லை. என்னால ஆகாதுடி, வேற யாரையாச்சும் ஊத்தச் சொல்லுங்க என்று தலையை ஆட்டினாள்.

கலைமதி எழுந்து வந்தாள். அழுது முடித்த முகம். செவந்தி கையிலிருந்த குடத்தை வாங்கி அத்தையின் மடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"நேத்து நான் கேட்ட கொடம் இது," என்றாள். "நீங்கதான் ஊத்தணும். ஊத்துங்க அத்த."

மூக்காயி எழுந்து நின்று ஊற்றினாள்.